தெற்கே அனுப்பலாமா?

2005 ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. நியூ ஆர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் விடுதிக்குக் குடிவரும் நாள். படுக்கை விரிப்பையும் மேசை விளக்கையும் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த பெற்றோருக்குப் பல்கலைக்கழகத் தலைவர் ஸ்காட் கோவன் ஒரு செய்தி சொன்னார்: புயல் வருகிறது, பிள்ளைகளைத் திரும்ப அழைத்துப் போங்கள், சில நாளில் வகுப்பு தொடங்கிவிடும். போக வழியில்லாதவர்களைப் பேருந்தில் ஏற்றி மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை கத்ரீனா கரையைக் கடந்தது. அந்தப் பருவம் முழுவதும் ரத்தானது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் டுலேன் மாணவர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டன. 2006 ஜனவரியில் வளாகம் திறந்தபோது பெரும்பாலானோர் திரும்பி வந்துவிட்டார்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பிள்ளையைப் படிக்கவைக்கலாமா என்று பேச்சு எழும் வீடுகளில் இன்றும் முதலில் வருவது வெயிலும் புயலும்தான். அடுத்தது, “பார்ட்டி காலேஜாமே?” மூன்றாவது, “நம்ம ஆளுங்க இருக்காங்களா?” இந்த மூன்றையும் துருவித் துருவிக் கேட்பவர்கள் அந்த மாநிலத்தில் என்ன சட்டம் நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. எனக்கென்னவோ அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று படுகிறது. பதினெட்டு வயதில் பிள்ளை போய்ச் சேருவது ஒரு கல்லூரியில் மட்டுமல்ல, ஒரு மாநிலத்திலும்தான்.

‘தெற்கு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை நீளும் நிலம் அது. வட கரோலினாவின் ஆராய்ச்சி முக்கோணத்தில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்தையும் டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. கேட்பவர்களும் ஒரே இடத்திலிருந்து கேட்பதில்லை. நியூஜெர்சியில் இருக்கும் குடும்பத்துக்கு அது “அனுப்பலாமா?” என்ற கேள்வி. டல்லாஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, பிளேனோவிலோ, அட்லாண்டாவை ஒட்டிய ஆல்ஃபரெட்டாவிலோ, வட கரோலினாவின் கேரியிலோ வீடு வாங்கிப் பல ஆண்டுகளாகிவிட்ட தமிழ்க் குடும்பத்துக்குத் தெற்குதான் ஊர். அவர்கள் கேட்பது “இருப்பதில் எது?” என்று.

வானிலையை முதலில் முடித்துவிடலாம். வகுப்புகள் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். அந்த மாதம் டஸ்கலூசாவில் 33, 34 டிகிரி செல்சியஸும் பிசுபிசுப்பும் சாதாரணம். சென்னையிலோ திருச்சியிலோ வளர்ந்த பெற்றோருக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. ஆஸ்டின் வேறு மாதிரி. 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 45 நாட்கள் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. ஆனாலும் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் செய்து புலம்புவது பெரும்பாலும் வகுப்பறைக் குளிரைப் பற்றித்தான். வெளியே வேர்த்து விறுவிறுத்து வந்தவன் உள்ளே ஸ்வெட்டர் தேடுவான். ஓயாத ஏசியும் வெளிக்காற்றின் ஈரமும் சேரும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய விடுதிகளில் ஏசி துவாரத்தின் ஓரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சிறியதாக ஒரு ஈரமுறிஞ்சிப் பெட்டி வாங்கி வைப்பது நல்லது.

ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் வெயிலைவிட மகரந்தத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். மார்ச் கடைசியில் அட்லாண்டாவில் பைன் மரங்கள் உதிர்க்கும் மகரந்தம் கார், திண்ணை, நடைபாதை எல்லாவற்றின் மீதும் மஞ்சள் பொடியாகப் படியும். ஆஸ்டினிலோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலைச் சீடர் மரங்களின் முறை. ‘சீடர் காய்ச்சல்’ என்றே உள்ளூரில் அதற்குப் பெயர். உண்மையில் காய்ச்சல் இல்லை. கண் எரியும், மூக்கு ஒழுகும், தலை கனக்கும். முதல் ஓரிரு ஆண்டு ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்வதும் உண்டு.

உயிர்ப் பயம் என்று பேசினால், புயலுக்கும் சுழற்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஹரிக்கேன் என்ற புயல் வருவது சில நாட்கள் முன்பே தெரியும். ஊரைக் காலிசெய்ய நேரம் இருக்கும். 2021இல் ஐடா புயல் தாக்கிய பிறகு டுலேன் தன் மாணவர்களைப் பேருந்துகளில் ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனது. கத்ரீனா கற்றுக்கொடுத்த பாடம் வீண்போகவில்லை. டொர்னேடோ என்ற சுழற்காற்று அப்படியல்ல. சைரன் ஒலித்தால் கையில் இருப்பவை சில நிமிடங்களே. 2011 ஏப்ரல் 27 அன்று டஸ்கலூசாவைக் கிழித்துக்கொண்டு போன சுழற்காற்றில் அலபாமா பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இறந்தார்கள். வளாகம் பெரும்பாலும் தப்பியது, ஊர் தப்பவில்லை. பருவத் தேர்வுகள் ரத்தாகி, பட்டமளிப்பு விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. இரண்டாம் ஆண்டிலிருந்து மாணவர்கள் பலர் விடுதியை விட்டு வெளியே அபார்ட்மெண்ட் எடுத்துத் தங்குவார்கள். ஆகவே “விடுதியில் பாதுகாப்பு அறை எங்கே?” என்பதோடு, “வெளியே தங்கினால் எங்கே ஓடுவது?” என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று: தெற்கே குளிர் இல்லை என்று நம்பிப் போனவர்களை 2021 பிப்ரவரியில் டெக்சஸ் பனிப்புயல் வதைத்தது. மின்சாரம் போனது, குழாய்கள் வெடித்தன, குடிக்கத் தண்ணீர் இல்லை. மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இத்தனையும் தெரிந்தும் வடக்கிலிருந்து பிள்ளைகள் தெற்கே போகக் காரணம் பணம். அலபாமா பல்கலைக்கழகத்தில் இன்று படிப்போரில் பாதிக்கு மேல் வெளிமாநிலத்தவர். உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக 1831இல் தொடங்கிய கல்லூரி இப்படி மாறியது தற்செயல் அல்ல. மாநில அரசின் நிதி சுருங்கியபோது, வெளிமாநில மாணவர்களை இழுத்து வளர்வது என்று நிர்வாகம் முடிவெடுத்தது. நல்ல மதிப்பெண்ணும் தேர்வு முடிவும் இருந்தால் உதவித்தொகை தானாகவே வரும். கட்டுரை எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. நேஷனல் மெரிட் உதவித்தொகைப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். மாணவர் தொகை இப்போது 40 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

டெக்சஸில் வேறு கணக்கு. 1997இல் வந்த சட்டப்படி, மாநிலத்தின் எந்தப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே அந்த எல்லை 6 விழுக்காடாக இருந்து, 2026 சேர்க்கையிலிருந்து 5 ஆகிறது. நாட்டுப்புறப் பள்ளிகளுக்கும் ஏழைப் பகுதிகளுக்கும் இது நியாயம் செய்த சட்டம். ஆனால் ஃபிரிஸ்கோவிலும் பிளேனோவிலும், வகுப்பில் பாதிப் பேர் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வாங்கும் பள்ளியில், அந்த ஐந்துக்குள் வருவது பெரும்பாடு. வராதவர்கள் டெக்சஸ் ஏ அண்ட் எம் போகிறார்கள், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகத்துக்குப் போகிறார்கள், அல்லது எல்லை தாண்டி ஓக்லஹோமாவுக்கும் அலபாமாவுக்கும் போகிறார்கள். டல்லாஸ் வளாகத்தில் பல்கலைக்கழகக் கால்பந்து அணி கிடையாது, பெயர்பெற்ற சதுரங்க அணி உண்டு. நம் வீட்டுக் கூடங்களில் அந்தக் கல்லூரிக்கு இருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!

ஜார்ஜியாவில் 1993 முதல் லாட்டரிப் பணத்தில் நடக்கும் ஹோப் உதவித்தொகை, புளோரிடாவில் 1997 முதல் பிரைட் ஃபியூச்சர்ஸ். இரண்டும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய வரம். ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டு போன்ற தகுதியோ வேண்டும். இதன் பொருள் என்னவென்று ஆல்ஃபரெட்டாவின் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்தால் தெரியும். அக்காள் சென்னையில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவள், எச்-4 என்ற சார்ந்தோர் விசா. தம்பி அங்கேயே பிறந்தவன். இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே மதிப்பெண். தம்பிக்கு ஹோப் கிடைக்கும், அக்காளுக்குக் கிடைக்காது. கிரீன் கார்டு வரிசை நகராவிட்டால், 21 வயதில் அவள் மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். கல்லூரிச் சுற்றுலாவில் வழிகாட்டி மாணவி சிரித்த முகத்தோடு பின்னோக்கி நடந்தபடி சொல்லும் கதைகளில் இது வராது. எச்-1பி குடும்பம் எதுவாக இருந்தாலும் வானிலையைப் பார்க்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

இனி, வளாக வாழ்க்கை. டஸ்கலூசாவின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். அங்குள்ள பிரையண்ட்-டென்னி மைதானத்தின் இருக்கைகளும் ஏறத்தாழ ஒரு லட்சம். இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் ஊரே அந்தக் கிண்ணத்துக்குள் கொட்டப்பட்டதுபோல் இருக்கும். முதல்நாளே புல்வெளியெங்கும் கூடாரம் முளைக்கும், அடுப்புப் புகை எழும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ‘குரோவ்’ என்ற தோப்பில் வெள்ளை விரிப்பு போட்ட மேசையும் சரவிளக்குமாக விருந்தே நடக்கும். கால்பந்தில் ஆர்வமில்லாத பிள்ளைக்கு அந்தச் சனிக்கிழமை நீளமானது. அதே நாளில் நூலகம் காலியாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிரேக்க எழுத்துப் பெயர்களோடு இயங்கும் மாணவர் குழுக்களான ஃப்ரெட்டர்னிட்டி, சொரோரிட்டிகள்தான் பெற்றோரின் அசல் கவலை. அலபாமாவில் இளநிலை மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானோர் இவற்றில் சேர்கிறார்கள். ஆகஸ்டில், வகுப்பு தொடங்குமுன் நடக்கும் ‘ரஷ்’ வாரத்தில் மாணவர்கள் இல்லம் இல்லமாகப் போய்ப் பேசுவார்கள், பிடித்துப்போனால் இல்லத்தார் சேர்த்துக்கொள்வார்கள். 2021இல் டிக்டாக்கில் ‘பாமா ரஷ்’ பரவியபின் அது நாடே வேடிக்கை பார்க்கும் திருவிழாவாகிவிட்டது. ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. பெண்களின் சொரோரிட்டி இல்லங்களில் மது கூடாது என்பது நாடு தழுவிய மரபு. ஆகவே விருந்து என்றால் ஆண்களின் இல்லத்தில்தான். யார் வரலாம், என்ன ஊற்றப்படும், கதவு எப்போது சாத்தப்படும் என்பதெல்லாம் அவர்கள் கையில். மகளை அனுப்பும் பெற்றோர் “குடிப்பாளா?” என்று கவலைப்படுவதைவிட, “யார் வீட்டில், யாரோடு போய், யாரோடு திரும்புவாள்?” என்று அவளோடு பேசிவைப்பது பயன்தரும்.

மகன்களுக்கு ஆபத்து, ஃப்ரெட்டர்னிட்டியில் சேரும்போது நடக்கும் புகுமுக வதையில். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு முதலாண்டு மாணவன், கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்ததில் இறந்தான். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் இத்தகைய வதையைக் கடும் குற்றமாக்கியது. 2024 டிசம்பரில் கூட்டரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த மாணவர் அமைப்பு வதைக்காகத் தண்டிக்கப்பட்டது என்பதைக் கல்லூரிகள் இப்போது இணையத்தில் வெளியிட்டாக வேண்டும். வளாகக் குற்றங்களின் ஆண்டறிக்கையோ 1990இன் சட்டப்படி ஏற்கெனவே வெளியாகிறது, ஒவ்வோர் அக்டோபர் முதல் தேதிக்குள். இரண்டையும் படிக்கும் பெற்றோர் மிகக் குறைவு. தரவரிசையைப் படிக்கும் நேரத்தில் பாதி போதும்.

மீதி மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஹானர்ஸ் கல்லூரியில், சோதனைக்கூடத்தில், இந்திய மாணவர் சங்கத்தின் தீபாவளி ஒத்திகையில். 40 ஆயிரம் பேர் படிக்கும் வளாகம் ஒரே வளாகம் இல்லை. பிள்ளை எந்த மூலையில் வாழப்போகிறது என்பதுதான் கேள்வி. அந்த மூலையில் ஒருநாள் இருந்து பார்த்தாலொழிய விடை தெரியாது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. வெண்டைக்காய் தெற்கே எங்கும் கிடைக்கும், மாவில் தோய்த்துப் பொரித்தபடி. சைவப் பிள்ளைகள் உஷாராக இருக்க வேண்டியது கீரையிலும் பீன்ஸிலும்தான். பன்றி எலும்பு போட்டு வேகவைப்பது அங்கே பழைய வழக்கம். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். பொதுவாகவே பேச்சில் இனிமை அதிகம். பெரியவர்களை “சார்”, “மேம்” என்றுதான் அழைப்பார்கள். அறிமுகமான பத்தாவது நிமிடம் “நீ எந்தச் சர்ச்சுக்குப் போகிறாய்?” என்று கேட்பதும் அந்த இனிமையில் சேர்ந்ததே. பெரும்பாலும் வம்புக்காகக் கேட்பதில்லை. பதில் சொல்லப் பிள்ளை கூச்சப்படாமல் இருந்தால் போதும்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் தென்னகக் கல்லூரியைப் பற்றிப் பேச முடியாது. 1956இல் அதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றே நாள் வகுப்பு, பிறகு கலகக் கும்பல். கும்பலை அடக்குவதற்குப் பதில் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவர் நுழைந்தபோது நடந்த கலவரத்தில் இருவர் உயிரிழந்தார்கள். 1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்ற கறுப்பின மாணவர்கள் அலபாமாவில் சேர வந்தபோது, ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கட்டட வாசலில் தாமே நின்று மறித்தார். பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. அதே அலபாமாவில், கறுப்பினப் பெண்களைச் சொரோரிட்டிகள் ஒதுக்குவதை மாணவர் நாளேடு அம்பலப்படுத்திய ஆண்டு 2013. பழைய ஆளுநர் ஒருவர் பெயரில் ஒரு கட்டடம் இருந்தது. அவர் வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானில் இருந்தவர். 2022இல் அவர் பெயரோடு லூசியின் பெயரையும் சேர்க்க நிர்வாகம் முடிவெடுத்தது. விரட்டப்பட்டவரையும் விரட்டியவர்களின் கூட்டாளியையும் ஒரே பலகையில் எழுதுவதா என்று மாணவர்கள் கொதித்தார்கள். ஒரு வாரம் கழிந்ததும் லூசியின் பெயர் மட்டுமே நின்றது. அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

இந்த வரலாற்றில் நமக்கும் ஓர் இழை உண்டு. வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1960இல் ஜேம்ஸ் லாசன் என்ற மாணவரை வெளியேற்றியது. நாஷ்வில் உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் நடத்திய அமர்வுப் போராட்டத்துக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். அகிம்சையை அவர் ஆழமாகக் கற்றது நாக்பூரில், 1950களில் அங்கே மதப்பணியாற்றிய காலத்தில், காந்தியின் வழியாக. 2006இல் அதே பல்கலைக்கழகம் அவரை வருகைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அந்தப் போராட்ட அலையில் வந்ததுதான் 1965இன் குடியேற்றச் சட்டமும். அது இல்லாவிட்டால், இந்தக் கட்டுரையை அமெரிக்காவில் படித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களில் பல அங்கே இருந்திருக்காது. “நாம் கறுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை, நமக்கென்ன?” என்று ஒதுங்கும் பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, நான் முதலில் வைக்கச் சொன்ன கேள்வி: மாநிலச் சட்டம். டெக்சஸில் 2016 ஆகஸ்ட் 1 முதல், உரிமம் பெற்றவர்கள் அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துவரலாம். ஆஸ்டின் வளாகக் கோபுரத்தின் மீதிருந்து ஒருவன் மாணவர்களைச் சுட்டுத்தள்ளி அன்றோடு சரியாக 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. தனியார் கல்லூரிகள் விலகிக்கொள்ளலாம், பெரும்பாலானவை விலகியும்விட்டன. ஆகவே ஹூஸ்டன் நகரத்திலேயே ரைஸ் வளாகத்தில் ஒரு விதி, சற்றுத் தள்ளி உள்ள அரசு வளாகத்தில் வேறு விதி. ஜார்ஜியா 2017இல் இதே வழியில் போனது. புளோரிடா போகவில்லை. ஆனாலும் 2025 ஏப்ரலில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். சட்டம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் பையில் என்ன வைத்திருக்கலாம் என்பதை அது தீர்மானிக்கும்.

பல்லினத்தாரை அரவணைப்பதற்கென்று இருந்த அலுவலகங்களை டெக்சஸ் 2024 ஜனவரியோடும், அலபாமா அதே ஆண்டு அக்டோபரோடும் சட்டம் போட்டு மூடின. நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன என்று கேட்கலாம். ஆஸ்டினில் மூடப்பட்ட பல்பண்பாட்டு மையம் ஆசிய, தெற்காசிய மாணவர் குழுக்களுக்கும் இடம் கொடுத்துவந்தது. தீபாவளி நின்றுவிடவில்லை, மாணவர் சங்கங்கள் நடக்கின்றன. சம்பளம் வாங்கிக்கொண்டு அவர்களைக் கவனிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். புதிதாக வந்த கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்த ஆள் யாரென்பது முக்கியம்.

கருக்கலைப்பைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதில்லை. 2022இல் உச்ச நீதிமன்றம் பழைய உரிமையை நீக்கிய பிறகு டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, டென்னசி மாநிலங்களில் ஏறக்குறைய முழுத் தடை. ஜார்ஜியாவிலும் புளோரிடாவிலும் ஆறு வாரம். வர்ஜீனியாவில் நிலைமை வேறு. எவ்வளவு பெரிய தனியார் பல்கலைக்கழகமானாலும் இந்தச் சட்டத்திலிருந்து விலக முடியாது. “என் மகளுக்கு அது தேவைப்படாது” என்ற நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கும் விலக்கு தராத மாநிலங்கள் இந்தப் பட்டியலில் உண்டு. டெக்சஸில் கருச்சிதைவுக்கு வைத்தியம் பார்க்கவே மருத்துவர்கள் தயங்கிய சம்பவங்கள் செய்தியாயின. மகள்களில் பலர் இதைத் தாங்களே படித்துவிட்டுத்தான் விண்ணப்பப் பட்டியலைச் சுருக்குகிறார்கள். அப்பாவுக்குத் தெரிவதில்லை.

என் கணிப்பைக் கேட்டால்: எந்தப் படிப்பு என்று தெளிவாக இருக்கும் பிள்ளைக்கு, கடனில்லாமல் முடிக்கும் அளவு உதவித்தொகை தெற்கே கிடைத்தால், பெயருக்காக வடக்கே கடன் வாங்கிப் போவதைவிட அது மேல். வெயிலுக்காக மட்டும் எந்தக் கல்லூரியையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் மேலே சொன்ன சட்டங்களைப் பற்றி மகளோடோ மகனோடோ ஒருமுறைகூடப் பேச முடியாத வீடு என்றால், உதவித்தொகை எவ்வளவு பெரியதானாலும் தயங்கத்தான் வேண்டும்.

இடத்தை உறுதிசெய்யக் கல்லூரிகள் பெரும்பாலும் மே 1 வரை அவகாசம் தருகின்றன. அதற்குள் ஒருமுறை போய் வாருங்கள். கால்பந்துச் சனிக்கிழமையில் வேண்டாம், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில். பிள்ளையைத் தனியே சுற்றவிட்டு நீங்கள் காபிக் கடையில் உட்காருங்கள். அந்த மாநிலச் சட்டமன்றம் கடந்த இரண்டு ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களைப் பற்றி என்னென்ன சட்டம் இயற்றியது என்று போனில் தேடிப் படியுங்கள். மாலையில் மூவரும் சேர்ந்து சாப்பிடும்போது அதைப் பேசிவிட்டு, பிறகு வைப்புத்தொகையைக் கட்டுங்கள்.